ஐந்தாம் எண் திருப்பி அனுப்பிய கணக்குகள்

அக்காவுக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில் கல்யாணம் ஆனது. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. தங்கையின் சங்கடமே அதுதான். வீட்டில் ஒரு சாவு விழுந்திருந்தால் நாலு பேர் வந்து உட்கார்ந்து விசாரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அக்காவோ சிரித்த முகமாக, அத்தான் கொண்டுவந்த வண்டியில் பெட்டி படுக்கையோடு ஏறி வேறு ஊருக்குப் போனாள். தங்கை வாசலில் நின்று கையாட்டினாள். இருபத்தொரு வருஷமாக இரண்டு பேர் இருந்த வீட்டில் அன்று மத்தியானத்திலிருந்து ஒருத்திதான்.

தங்கை என்றதும் சின்னப்பெண் என்று நினைத்துவிட வேண்டாம். அவளுக்கே நாற்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சராக இருபத்திரண்டு வருஷம் கத்தியதில் தொண்டையில் முடிச்சு விழுந்துவிட்டது. "இனிமே வகுப்புல நின்னு பேசினீங்கன்னா இருக்கிற குரலும் போயிடும்" என்று டாக்டர் கறாராகச் சொன்ன பிறகு வேலையை விட்டாள். இப்போது வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கிறாள். கல்லூரியில் முதல் வருஷம் சேர்ந்த பிள்ளைகள் கம்ப்யூட்டரில் பார்த்துப் படிக்கிற கணக்குகளுக்கு, படிப்படியாக விடை எழுதுகிற வேலை.

அந்த நிறுவனத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. பெயர் தெரிந்தால் பாரபட்சம் வந்துவிடுமாம். விடை எழுதுகிறவர்கள் எல்லாம் 'எழுத்து', அதைச் சரிபார்க்கிறவர்கள் எல்லாம் 'சரி'. இவள் எழுத்து-31. இவள் எழுதுவதைப் பார்க்கிறவர் சரி-5. ஆணா, பெண்ணா, கிழமா, குமரியா, ஒன்றும் தெரியாது. எந்த ஊர் என்றும் தெரியாது.

ஒரு நாளைக்கு இருபது கணக்கு வரும். பாடம், வாயு விதிகள். அடைத்த டப்பாவில் இத்தனை டிகிரியில் இத்தனை அழுத்தத்தில் ஒரு வாயு இருக்கிறது, சூடாக்கினால் அழுத்தம் என்ன ஆகும் என்று கேட்பார்கள். கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. செல்சியஸில் சொன்ன வெப்பநிலையோடு 273 கூட்டிக் கெல்வினாக்கிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் பூஜ்யம் டிகிரி என்பது தண்ணீர் உறைகிற இடம்தானே தவிர சூடே இல்லாத இடமில்லை. அப்புறம் சூடு எத்தனை மடங்கு ஏறியதோ, அழுத்தமும் அத்தனை மடங்கு. பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த 273-ஐத்தான் கோட்டை விடுவார்கள். இவள் அதைச் சொல்லிச் சொல்லித்தான் தொண்டையைத் தொலைத்தாள்.

விடை சரியாக இருந்தால் ஓரத்தில் ஒரு பச்சைக் குறி விழும். அவ்வளவுதான், ஒரு வார்த்தை கிடையாது. தப்பாக இருந்தால் கணக்கு திரும்பி வரும். கூடவே ஒரு குறிப்புப் பெட்டி திறக்கும். அதில் சரிபார்த்தவர் இருநூறு எழுத்துக்குள் என்ன தப்பு என்று எழுதியிருப்பார். எழுதினவரும் இருநூறு எழுத்துக்குள் பதில் சொல்லலாம். சொன்னதும் பெட்டி மூடிக்கொள்ளும். அடுத்த பெட்டி திறக்க வேண்டுமானால் அடுத்த தப்பு நடக்க வேண்டும்.

அக்கா போன வாரம் நடந்தது முதல் தப்பு. அது நிஜமான தப்பு, யார் மேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்வாள். இருபத்தேழு டிகிரியில் மூன்று வளிமண்டல அழுத்தத்தில் இருந்த டப்பாவை நூற்று இருபத்தேழு டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். முந்நூறு கெல்வின் நானூறாகும், மூன்று நாலாகும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். அன்றைக்கு என்ன கிரகமோ, 127-ஐ 27-ஆல் அப்படியே வகுத்துப் போட்டுவிட்டாள். கணக்கு திரும்பி வந்தது.

"27-ஐயும் 127-ஐயும் அப்படியே போட்டிருக்கிறீர்கள். மூன்று இருந்த அழுத்தம் பதினாலைத் தாண்டிவிட்டது. டப்பாவும் இருக்காது, பக்கத்தில் நிற்கிற பிள்ளையும் இருக்காது. 273 கூட்டவும். உடம்பு சரியில்லையா?"

கடைசி இரண்டு வார்த்தையை அவள் மூன்று நான்கு தடவை படித்தாள். அக்கா போனதிலிருந்து அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா போனில் கேட்டதெல்லாம் மிக்ஸியின் சின்ன ஜாடி எங்கே என்பதுதான். "உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. தவறுக்கு மன்னிக்கவும். கூடவே இருந்த அக்கா கல்யாணமாகிப் போய்விட்டாள்" என்று தட்டி அனுப்பிவிட்டாள். அனுப்பின பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாத மனுஷரிடம், அதுவும் ஆபீஸ் வேலையில், வீட்டுக் கதையா பேசுவது? பெட்டி மூடிக்கொண்டுவிட்டது. இனி அந்த மனுஷர் என்ன நினைத்தார் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

அடுத்த நாள் இருபதும் பச்சை. அதற்கு அடுத்த நாளும் இருபது. மூன்றாம் நாள் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காய்கறிக் கடைக்குப் போனாள். "அரைக் கிலோ", "பை இருக்கு", இதுதான் அன்றைக்கு அவள் வாய் திறந்து பேசின மொத்தப் பேச்சும். திரும்பி வந்து உட்கார்ந்தபோது டயர் கணக்கு ஒன்று வந்திருந்தது. காலையில் குளிரில் டயர் மானி இரண்டு வளிமண்டலம் காட்டுகிறது, வெயில் ஏறினால் எவ்வளவு காட்டும்? மானி காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதைத்தான். அதனால் வெளிக்காற்றின் ஒன்றையும் கூட்டிக்கொண்டுதான் போட வேண்டும். அவள் ஒரு நோட்டை எடுத்து நீல மையில் சரியாகப் போட்டுப் பார்த்தாள், 2.3 வந்தது. பிறகு பக்கத்திலேயே சிவப்பு மையில், அந்த ஒன்றைக் கூட்டாமல் தப்பாகப் போட்டாள், 2.2 வந்தது. கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பைத்தான் அனுப்பினாள்.

பத்து நிமிஷம் அவளுக்குக் கை ஓடவில்லை. இருபத்திரண்டு வருஷம் டீச்சராக இருந்தவள் தெரிந்தே தப்பு எழுதியிருக்கிறாள். அப்புறம் பெட்டி திறந்தது.

"டயருக்கு வெளியே இருக்கிற காற்றும் காற்றுதான், அதையும் கூட்டவும். வாழ்த்து அக்காவுக்கு. அனுதாபம் உங்களுக்கு."

அவள் அழுதாள். வெட்கமில்லாமல், மூக்கைச் சிந்தி, தனியாக உட்கார்ந்து அழுதாள். கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் "உங்களுக்கும் சந்தோஷமா இருக்குமே!" என்றுதான் சொன்னார்கள். ஒருத்தராவது இப்படிச் சொல்லவில்லையே.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு கணக்கு திரும்பினால் குற்றமில்லை, மூன்றாவது திரும்பினால் வேலை போய்விடும் என்பது நிறுவனத்தின் சட்டம். அவள் அந்த இரண்டையும் வீணாக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒன்று, வெள்ளிக்கிழமை ஒன்று. முதலில் நீல மையில் சரியான விடை, பிறகு சிவப்பு மையில் அன்றைய தப்பு, பக்கத்தில் தேதி. நல்ல தப்பாக இருக்க வேண்டும், பிள்ளைகள் நிஜமாகவே செய்கிற தப்பாக இருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்துச் செய்தாள். சரியான விடைக்குக்கூட அவள் அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

ஒரு தடவை டப்பாவை உறைபெட்டியில் வைக்கிற கணக்கு. இருபத்தேழு டிகிரியிலிருந்து மைனஸ் இருபத்து மூன்றுக்குப் போகிறது. ஆறு வளிமண்டலம் ஐந்தாக வேண்டும். இவள் 273-ஐ விட்டுவிட்டுப் போட்டதில் அழுத்தமே மைனஸில் வந்தது. "மைனஸ் அழுத்தம்! இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். என் ஜன்னலுக்கு எதிரே வெறும் சுவர்தான் இருக்கிறது, அங்கே மாட்டிக்கொள்கிறேன்" என்று வந்தது. அதற்கு அவள், "என் ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின். அது சுற்றும்போது என் மேசையும் சேர்ந்து நடனமாடும். உங்கள் சுவர் தேவலை" என்று எழுதினாள். அந்த வாரம் முழுக்க அவள் மேசை ஆடும்போதெல்லாம் சிரிப்பு வந்தது.

இப்படி இருநூறு இருநூறு எழுத்தாக ஐந்தாம் எண்ணைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தது. முழங்கால் வலி உண்டு. சாப்பிடுவது பெரும்பாலும் நின்றுகொண்டே, உட்கார்ந்து சாப்பிட்டால் எதிரே ஆள் இல்லாதது தெரிகிறதாம். வானொலியைப் போட்டால் அதோடு சண்டை போடுகிற பழக்கம் உண்டு. சில நாள் அது ஒரு பெண் என்று இவளுக்குத் தோன்றும். சில நாள் ஆண்தான் என்று தோன்றும். ஒரு நாள் கேட்டுவிடலாம் என்று தட்டிவிட்டு அழித்துவிட்டாள். குறிப்புகளை ஆபீஸும் பார்க்கும் என்று பயம். அதைவிட, தெரிந்துவிட்டால் ஏதோ குறைந்துவிடும் என்றும் ஒரு பயம்.

"என்னடி, குரல் தெளிவா இருக்கே" என்றாள் அக்கா ஒரு நாள் போனில். "யாரோடயாவது பேசறியா?"

"யாரோட பேசறது? கணக்கோடதான்."

"கணக்கு பதில் பேசுமா?"

"சில நேரம் பேசும்."

"பைத்தியம். சரி, அத்தான் வந்துட்டார், வச்சிடறேன்."

அத்தான் எப்போதும் வந்துவிடுவார். அந்த மனுஷர் வெளியே போகிறதே திரும்பி வருவதற்காகத்தானோ என்று இவளுக்குச் சந்தேகம்.

ஏழு மாதம் இப்படிப் போயிற்று. எட்டாவது மாதம் பிறந்தபோது நிறுவனத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நாற்பது பக்கம். எழுத்தின் அளவு என்ன, வரிக்கு வரி இடைவெளி என்ன, அடுக்குக் குறியை எங்கே போட வேண்டும் என்று அறுத்துத் தள்ளியிருப்பார்கள். அவள் எந்தச் சுற்றறிக்கையையும் படித்ததில்லை, இதையும் படிக்கவில்லை. அந்த மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமைத் தப்பு திரும்பி வந்தது, வழக்கம்போலக் கேலியோடு. வெள்ளிக்கிழமைத் தப்பும் திரும்பி வந்தது. ஆனால் அதில் கேலி இல்லை. "நீராவியின் அழுத்தத்தைக் கழிக்கவும். சுற்றறிக்கையைப் படித்தீர்களா? அவசியம் படிக்கவும்."

அவளுக்குச் சுருக்கென்றது. என்ன இது, தலைமை ஆசிரியர் மாதிரி! "சுற்றறிக்கை படிப்பதும் நம் தலையில்தானா? நீங்களே படித்துச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்" என்று வேடிக்கையாகவே எழுதினாள். பெட்டி மூடிக்கொண்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போல ஒரு டயர் கணக்கில் ஒன்றைக் கூட்டாமல் விட்டாள். காத்திருந்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது, பச்சைக் குறி.

முதலில் நம்பவில்லை. பக்கத்தை மூடித் திறந்து பார்த்தாள், பச்சைதான். தப்பான விடை சரி என்று ஆகிவிட்டது. சரி, மனுஷருக்கு உடம்பு முடியவில்லை போலிருக்கிறது, பார்க்காமல் தட்டியிருப்பார் என்று நினைத்தாள். ஆனால் அன்றைக்கு அவள் அனுப்பின வேறொரு கணக்கில் கைதவறி ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அதை மட்டும் அவரே திருத்திப் போட்டிருந்தார். எழுத்துப் பிழையைக் கணக்கைத் திருப்பாமலே திருத்தலாம், விடையைத் தொடத்தான் அனுமதி இல்லை. ஆக, கண் நன்றாகத்தான் இருக்கிறது. பேசத்தான் இஷ்டமில்லை.

மூன்று நாள் அவள் அதையே மென்றுகொண்டிருந்தாள். சுற்றறிக்கையைப் பற்றி எழுதினது குத்தலாகப் பட்டிருக்குமோ? இல்லை, பேசிப் பேசி அலுத்துவிட்டதோ? எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தியின் அக்கா கதையைக் கேட்பது? வேறு யாரோ நன்றாகப் பேசுகிற எழுத்து-40 கிடைத்திருக்கலாம். இந்த வயதில் இப்படி நினைக்கிறோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்ததும் அவள் ஒரு முடிவோடு உட்கார்ந்தாள். பார்க்காத மாதிரி இருக்கிறவரைப் பார்க்க வைக்க வேண்டும். இருபத்தேழு டிகிரி டப்பாவை அடுப்பில் வைத்து நூற்று எழுபத்தேழுக்கு ஏற்றுகிறார்கள். இரண்டு வளிமண்டலம் மூன்றாக வேண்டும். அவள் விகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாள், விடை 1.33. அடுப்பில் வைத்த டப்பாவில் அழுத்தம் குறைகிறதாம்! போதாததற்கு, "ஆகவே சூடாக்கும்போது அழுத்தம் குறைவதைக் காணலாம்" என்று ஒரு வரியும் சேர்த்தாள். வேதியியலே படிக்காதவன்கூட இதைப் பார்த்தால் சிரிப்பான். எப்படி விடுகிறார் பார்க்கலாம் என்று அனுப்பினாள்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. பச்சைக் குறி விழுந்தது.

அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அக்கா போன அன்றைக்குக்கூட அவள் அப்படிப் படுத்ததில்லை.

அடுத்த புதன்கிழமை மேற்பார்வையாளர் போன் செய்தார். அந்தப் பிரிவுக்கே அவர்தான் பொறுப்பு. இவள் குரலைக் கேட்டதே வேலையில் சேர்ந்த அன்றைக்குத்தான்.

"மேடம், ஒரு தகவல். உங்க கணக்கு ரெண்டு தப்பா வெளியே போயிடுச்சு. பசங்க புகார் மேல புகார் அனுப்பிட்டாங்க. அடுப்புல வச்சா அழுத்தம் குறையுமான்னு ஒரே கிண்டல். நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க, தப்பு விடறது சகஜம். அதைப் பிடிக்கிறதுக்குத்தானே சரிபார்க்கிற ஆள். சரி-5 கவனக்குறைவுன்னு ஒத்துக்கிட்டு விலகிட்டாங்க. நாளையிலேருந்து வேற ஆள் பார்ப்பாங்க."

"விலகிட்டாங்களா?"

"எழுதிக் கொடுத்துட்டாங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

மறுநாள் காலையில் அவள் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். ஆபீஸ் பக்கத்து ஊரில், இரண்டு மணி நேரப் பயணம். நாலாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. மேலே நீளமான ஒரு கூடம், வரிசையாக மேசை, மேசைக்கு ஒரு திரை. பாதி நாற்காலிகளில் ஆளே இல்லை, குளிர்சாதனம் மட்டும் அத்தனை பேருக்குமாகச் சேர்த்து ஓடிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் முப்பத்தைந்து வயதுக்காரர், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"உட்காருங்க மேடம். இதுக்குப் போய் இவ்வளவு தூரம் வரணுமா? உங்க மேலதான் ஒண்ணுமே இல்லையே."

"அந்த ரெண்டு தப்பையும் நான் வேணும்னுதான் போட்டேன்" என்றாள் அவள். மாடி ஏறினதில் குரல் கரகரத்தது. "அவங்க மேல பழி இல்ல. திரும்பக் கூப்பிடுங்க."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, எதிர்பார்த்த ஒன்று நடந்துவிட்ட சிரிப்பு. "நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு எழுதியே கொடுத்திருக்காங்க."

"என்ன எழுதியிருக்காங்க?"

"காட்டக் கூடாது மேடம். படிக்கறேன், கேட்டுக்கங்க." அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு படித்தார். "'இரண்டு விடைகளையும் சரியாகப் பார்க்காமல் விட்டது என் கவனக்குறைவு. சமீபமாகக் கண் சரியாகத் தெரிவதில்லை. விலகிக்கொள்கிறேன். எழுத்து-31 வந்து, எல்லாம் தானே வேண்டுமென்று செய்ததாகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளக்கூடும். தயவுசெய்து நம்ப வேண்டாம். 273 கூட்டுவது அவருக்கு நிஜமாகவே வராது.'"

அவள் சிரித்துவிட்டாள். அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி, உடைந்த குரலில், அடக்க முடியாமல் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. மேற்பார்வையாளர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"கண் தெரியலைன்னு யார் சொன்னது?" என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஒவ்வொரு கணக்கையும் எவ்வளவு நேரம் பார்த்தாங்கன்னு உங்ககிட்ட இருக்கும் இல்ல? அந்த ரெண்டையும் பாருங்க."

அவர் வேண்டாவெறுப்பாகத் தட்டிப் பார்த்தார். "பொதுவா மூணு நிமிஷம் ஆகும். இதுக்கு..." திரையைக் கிட்டே குனிந்து பார்த்தார். "முதல் கணக்குக்கு இருபத்தாறு நிமிஷம். ரெண்டாவதுக்கு நாப்பத்தொண்ணு."

"கண் தெரியாதவங்க அத்தனை நேரம் என்னத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க?"

அவர் பழைய பக்கங்களையும் திறந்தார். ஏழு மாதமும், செவ்வாய்க்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று. "உங்களுக்கு எழுதின ஒவ்வொரு குறிப்புக்கும் கால் மணி, இருபது நிமிஷம் ஆகியிருக்கு. நாலு வரிக்கு இவ்வளவு நேரமா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர், திடீரென்று, "இந்த மாசம் ரெண்டு ஏற்கெனவே திரும்பிடுச்சே மேடம். மூணாவது திரும்பியிருந்தா உங்களை எடுத்திருப்போம்" என்றார்.

"வாரத்துக்கு ரெண்டுதானே கணக்கு?"

"அது போன மாசம் வரைக்கும். இப்ப மாசத்துக்கே ரெண்டுதான். சுற்றறிக்கையில முதல் பக்கத்துலயே போட்டிருந்தோமே. படிக்கலையா?"

அவசியம் படிக்கவும் என்று சரி-5 தலைபாடாக அடித்துக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் அந்தப் பெட்டியில் என்னதான் எழுத முடியும்? வேண்டுமென்று தப்பு செய்யாதே, இனி உன் வேலை போய்விடும் என்று ஆபீஸ் படிக்கிற இடத்தில் எழுத முடியுமா? திருப்பினால் இவளுக்கு வேலை போகும். திருப்பாவிட்டால் தனக்குப் போகும். இருபத்தாறு நிமிஷம், நாற்பத்தொரு நிமிஷம் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். இவள் அங்கே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு எழுத்து-40 என்று எவரையோ நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தாள்.

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். மேற்பார்வையாளர் புரட்டினார். நீலத்தில் சரியான விடை, சிவப்பில் தப்பு, தேதி. நீலம், சிவப்பு, தேதி. கடைசிப் பக்கத்தில் 3 என்று நீலத்தில், 1.33 என்று சிவப்பில். அவர் நோட்டை மூடிவிட்டு அவளைப் பார்த்தார்.

"எதுக்கு மேடம் இதெல்லாம்?"

"பேசறதுக்கு."

அவர் பேனாவைத் திறந்து மூடினார். "வேணும்னே போட்ட தப்புன்னா சரிபார்த்தவங்க பொறுப்பு இல்ல, எழுதினவங்க பொறுப்பு. அவங்களைத் திரும்பக் கூப்பிடலாம். ஆனா உங்களை இன்னிக்கே எடுக்க வேண்டியிருக்கும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? காகிதத்தைக் கொடுங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மேற்பார்வையாளர் அவள் எதிரிலேயே போனை எடுத்தார். அந்தப் பக்கம் மணி அடிப்பது அவளுக்குக் கேட்டது. அவளையறியாமல் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். யாரோ எடுத்தார்கள்.

"வணக்கங்க. ஆபீஸ்லேருந்து பேசறேன். உங்க விஷயமாத்தான். நீங்க விலக வேண்டியதில்லைங்க, நாளையிலேருந்து வரலாம்."

போனுக்குள்ளே ஒரு குரல் மெல்லிசாக ஏதோ கேட்டது. ஆணா பெண்ணா என்று பிடிபடவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். முப்பத்தொண்ணு என்ற வார்த்தை மட்டும் இரண்டு தடவை தெளிவாக வந்தது. ஏழு மாதமாக எழுத்தாகவே வந்துகொண்டிருந்தது இப்போது குரலாக, ஒரு கை தூரத்தில்.

மேற்பார்வையாளர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "நீங்க இங்க வந்தீங்களான்னு கேக்கறாங்க. வந்து சொல்லி மாட்டிக்கிட்டீங்கன்னா, அவங்களுக்கு இந்த வேலையே வேணாமாம்." பிறகு போனை அவள் பக்கம் நீட்டினார். "வேணும்னா நீங்களே பேசிடுங்க. விதியை நான் பாத்துக்கறேன்."

அவள் கை பாதி தூரம் போனது. அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

கையை இழுத்துக்கொண்டு இல்லை என்று தலையசைத்தாள். பக்கத்தில் கிடந்த துண்டுக் காகிதத்தில் அவசரமாக எழுதி அவர் முன்னால் தள்ளினாள்.

மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டுப் போனைக் காதில் வைத்தார்.

"இல்லங்க, அவங்க வரல. கேள்வியிலயே எண் தப்பா அச்சாகியிருந்துச்சு, இப்பத்தான் கண்டுபிடிச்சோம். அவங்களை வேற பாடத்துக்கு மாத்தியாச்சு" என்றார். பிறகு, காகிதத்தில் இல்லாத ஒன்றைத் தானாகவே சேர்த்துக்கொண்டார். "ஆமாங்க. நல்லாத்தான் இருக்காங்க."